குழை மண்ணுக்கு, கொப்பு அடுப்புக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெருங்காடு இல்லை. ஆயினும் எரிபொருள் இல்லையென்று சொல்வதற்கில்லை. வேலியில் வெட்டும் கொப்புகள், பனையிலிருந்து விழும் மட்டை, பாளை, பன்னாடை, கிழங்குப் பாத்தியில் எஞ்சும் ஊமல், தென்னையின் பொச்சு, சிரட்டை, மரம் அரியும் ஆலைகளில் குவியும் மரத்தூள், நெல் ஆலைகளின் உமி ஆகிய யாவும் எரிபொருளே. இவற்றுள் ஒரு பகுதி வளவு மூலையில் உக்குகின்றது. ஒரு பகுதி குப்பையோடு சேர்த்து வீணே கொளுத்தப்படுகின்றது. மண்ணெண்ணெயையும் சமையல் வாயுவையுமோ கடல் கடந்து வந்த பின்னரே நாம் காண்கின்றோம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலும், 2022இன் எரிபொருள் நெருக்கடியிலும், கிணறு நிறைய நீர் இருந்தும் இறைக்க வழியின்றிக் கமக்காரர் பட்ட பாடு மறக்கக்கூடியதன்று.

இக்கழிவுகளைக் கொண்டு மின்சாரமே உண்டாக்கலாமே என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானது. திருகோணமலையில் டோக்கியோ சீமெந்து நிறுவனம் 2008இல் 10 மெகாவாற்று வலுவுள்ள மின்நிலையமொன்றை அமைத்து, நெல்லுமியையும் கிளிரிசிடியா என்னும் சீமைக்கிளுவைக் கட்டையையும் அதில் எரித்து வந்துள்ளது. 2005இல் அரசாங்கம் சீமைக்கிளுவையைத் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக ஏற்றுக்கொண்டதும் இந்நோக்கத்தை முன்னிட்டேயாம். ஆனால் கணக்கைச் சற்றுப் பார்த்தல் வேண்டும். ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 கிலோகிராம் வரை உலர்ந்த விறகு செல்லும். 10 மெகாவாற்று நிலையம் இரவு பகலாக ஓடுமாயின், ஒரு நாளைக்குக் குறைந்தது 240 தொன் விறகு வேண்டும். இத்துணையைக் குடாநாட்டின் வேலிகளிலிருந்து நாள்தோறும் திரட்ட முயன்றால், முதலிற் கழிவு முடியும். அடுத்துப் பனையின்மேற் கை விழும். போரில் அழிந்த பனைகளே போதும்.

சிறு அளவில் முயன்றவர்களும் உண்டு. இந்தியாவில் பீகார் மாநிலத்துத் தம்குகா என்னும் ஊரில் 2007இல் உமியிலிருந்து எரிவாயு எடுத்து, அதனால் எந்திரம் ஓட்டி வீடுகளுக்கு விளக்கேற்றினர். காற்றைக் குறைத்து எரிக்கும்போது உமியும் மரமும் சாம்பலாகுமுன் எரியத்தக்க வாயுவைத் தருகின்றன; அவ்வளவே இதன் நுட்பம். எனினும் அவ்வாயுவிற் காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சு உண்டு. அதனைக் கழுவிய நீரிலே தார் உண்டு. பின்னர் அம்முயற்சியினரே சூரிய ஒளியையும் துணைகொண்டனர்.

குடாநாட்டுக்கு இந்தத் தார்நீரே பெரும் எச்சரிக்கை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தமை தொடர்பாக 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்ததைக் கமக்காரர் அறிவர். ஆகவே உமி ஓரிடத்திற் குவியும் ஆலையில், கழிவுநீரை அடைத்து வைக்கும் தொட்டியோடு மட்டுமே வாயு எந்திரம் பொருந்தும். நீரிறைப்புக்கு வெயிலே போதும். ஆண்டின் பெரும்பகுதியும் இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை.

விறகுக்குத் தக்க வேலை வெப்பம் தருவதே. நெல் அவித்தல், பனங்கட்டி காய்ச்சல், புகையிலைப் போறணை, வீட்டுச் சமையல் ஆகியன யாவும் நெருப்பையே கேட்கின்றன. மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்திற் பத்தில் ஒரு பங்கு அல்லது சிறிது கூடுதலே பானையைச் சேரும். மிகுதி சுவருக்கும் பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போகின்றது. இரண்டு பானை வைக்கும் அனகி என்னும் மண்ணடுப்பு 1980களிலிருந்து இலங்கையிற் பரவியது; அது விறகில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சப்படுத்தும். மரத்தூளைத் தகரப்பேணியில் நடுவே துளைவிட்டு இறுக அடைத்தால் நெடுநேரம் நின்றெரியும். மருந்து பூசிய பலகையின் தூளை மட்டும் அடுப்பில் இடலாகாது. வெட்டிய பச்சை விறகின் நிறையிற் பாதி நீரே. அதனைக் கூரையின்கீழ் காற்றோட்டமாக அடுக்கி உலர்த்தாமல் எரிப்பவர், நீரை ஆவியாக்கவே விறகின் ஒரு பங்கைச் செலவிடுகின்றார்.

இனி யாவற்றினும் முக்கியமானது ஒன்று. கொப்பை எரிக்கலாம், குழையை எரிக்கலாகாது. சீமைக்கிளுவையின் உலர்ந்த இலையில் 3 முதல் 4 சதவீதம் வரை நைதரசன் உண்டு. எரித்தால் அது புகையோடு போய்விடும்; சாம்பலில் எஞ்சுவன பொட்டாசும் சுண்ணாம்புமே. செம்மண்ணில் சுண்ணாம்புக்குக் குறைவில்லையாதலால், சாம்பலை அளவோடு பரவுதல் வேண்டும். ஓரிடத்திற் குவித்தால் இரும்பும் நாகமும் பயிருக்குக் கிட்டாமற் போகும். பூவரசங் குழையையும் பனையோலையையும் தோட்டத்திற் தாழ்த்த முன்னோர் அறிவின்றிச் செய்தாரல்லர். 2021இல் இரசாயன உரம் திடீரென நிறுத்தப்பட்ட ஆண்டில், வேலியில் குழையுள்ளவன் ஓரளவு தாங்கினான். மதில் கட்டியவன் கையைப் பிசைந்தான்.

மதில் எழும்பிய வளவுகளிலும் பின்வேலிக்கு இடமுண்டு. ஐப்பசி மழை தொடங்கியதும் முற்றிய சீமைக்கிளுவைக் கதியாலை ஒரு முழம் அல்லது ஒன்றரை முழ இடைவெளியில் நட்டு, ஓராண்டு வேர்கொள்ள விடுக. அதன்பின் ஆண்டுக்கு இருமுறை வெட்டலாம். வெட்டிய அன்றே இலையை உருவித் தோட்டத்துக்கு எடுத்துச் சென்று, தடியை விறகடுக்கிற் சேர்க்க.