ஐந்து பேரை அனுப்பிய இரவு

தமிழ் தலைவாஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் அவர்களுக்கு,

காடாம்புலியூரிலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் பெயர் போடாமல் எழுதுவதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017-ல் கபடி லீக்கில் அணி தொடங்கியதிலிருந்து கே. பாஸ்கரன், எடச்சேரி பாஸ்கரன், உதயகுமார், அசன்குமார், மறுபடியும் உதயகுமார், கூடவே தர்மராஜ் சேரலாதன், பிறகு சஞ்சீவ் பலியான் என்று பார்த்துவிட்டோம். ஒரு பெயரை எழுதி, மடல் போய்ச் சேர்வதற்குள் அங்கே வேறொருவர் உட்கார்ந்திருந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம். அதனால் நாற்காலிக்கு எழுதுகிறேன்.

நான் பெரிய கபடி ஆட்டக்காரன் இல்லை. பொங்கல் ஆட்டங்களில் வலது கார்னரில் நின்று முட்டியைத் தேய்த்துக்கொண்டவன். இந்தப் பக்கம் முந்திரித் தோப்புக்கு நடுவே கொஞ்சம் இடம் கிடைத்தால் சுண்ணாம்புக் கோடு விழுந்துவிடும். செம்மண்ணில் விழுந்தால் தோல் உரியும், மெத்தை விரிப்பில் விழுவதுபோல் இல்லை. அந்தத் தரையிலேயே பிள்ளைகள் தைரியமாகப் பாடிப் போகிறார்கள். உங்கள் ஆட்கள் ஏன் மெத்தென்ற விரிப்பில், பாக் கோட்டை மட்டும் தாண்டிவிட்டு முப்பது விநாடியைக் கழித்துத் திரும்பி வருகிறார்கள்?

என் வருத்தம் முழுக்க ரைடைப் பற்றித்தான். பிடியில் நம் அணியைக் குறை சொல்ல மாட்டேன். சாகர் ராட்டி கார்னரில் நிற்கும்போது எதிரணி ரைடர் அந்தப் பக்கம் கால் நீட்ட யோசித்ததைப் பார்த்திருக்கிறோம். பிடித்துக் கொடுத்த புள்ளியை ரைடில் தொலைப்பதுதான் நம் வழக்கம். 2021-22 சீசனில் மட்டும் ஆறு ஆட்டம் சமனில் முடிந்தது. தோற்றால்கூட டீக்கடையில் திட்டிவிட்டுப் போய்த் தூங்கலாம். சமனில் முடிந்தால் அதுவும் முடியாது. கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரே ஒரு தொடு புள்ளி இருந்திருந்தால் என்று விடியும்வரை மனசு கணக்குப் போடும்.

இந்தக் குறைக்கு அணி திரும்பத் திரும்ப ஒரே மருந்தைத்தான் கொடுக்கிறது. பெரிய விலையில் ஒரு ரைடர். 2019-ல், ஏற்கெனவே இருந்த அஜய் தாக்கூரோடு ராகுல் சௌத்ரியும் சேர்ந்தார். 2016 உலகக் கோப்பை இறுதியில் ஈரானைச் சாய்த்த தாக்கூர், ‘ரைடு மெஷின்’ என்று பெயரெடுத்த சௌத்ரி, பிடிக்கு மன்ஜீத் சில்லர். பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கோப்பை நமக்குத்தான் என்று பந்தயம் கட்டியவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக வந்தோம். 2022-ல் பவன் செஹ்ராவத்துக்கு 2.26 கோடி. 2024-ல் சச்சினுக்கு 2.15 கோடி, முடிவில் ஒன்பதாம் இடம். 2025-ல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.40 கோடிக்கு மேல், அவரோடு மறுபடியும் பவன். பவன் சில ஆட்டங்களோடு அணியை விட்டுப் போனார். மிச்ச சீசனில் அர்ஜுன் ஒற்றை ஆளாய் மூச்சு வாங்கியதைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அர்ஜுனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2022-ல் ஜெய்ப்பூர் கோப்பை வாங்கியபோது அவர்தான் அந்த அணியின் முதல் ரைடர். அதே அணியில் அவருக்குத் துணையாகப் பாடிப் போனவர் நம் வி. அஜித்குமார். அவர் லீக்கில் முதலில் ஆடியதே தலைவாஸில்தான். துணை ரைடரை விட்டுவிட்டோம், அந்தக் கோப்பைக்கு மூன்று வருஷம் கழித்து முதல் ரைடரைக் கோடி கொடுத்து வாங்கினோம். பிரபஞ்சனும் இப்படித்தான். 2017-ல் நம்மோடு இருந்தார், அடுத்த சீசனில் குஜராத்துக்குப் போய் அந்த அணியோடு இறுதிவரை போனார்.

இனி நல்ல நினைவுக்கு வருகிறேன். அதற்காகத்தான் இந்த மடலே.

அந்த 2022 சீசனில், முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடி. சீசனே போச்சு என்று டீக்கடையில் டிவியை மாற்றச் சொன்னவர்களில் நானும் ஒருவன். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். பேர் தெரியாத பையன் நரேந்தர் 240 புள்ளிக்கு மேல் எடுத்தான். அவன் வெளியே உட்கார்ந்த நேரத்தில் அஜிங்கியா பவார் பாடிப் போனார், அவரும் போனால் இன்னொருவர். எதிரணிக்கு யாரைக் குறிவைப்பது என்றே தெரியவில்லை. டிசம்பரில் மும்பையில் உ.பி. யோதாஸோடு எலிமினேட்டர், 36-36. டை பிரேக்கருக்குப் போனது. அதில் விதி என்ன? ஐந்து ரைடு, ஐந்துக்கும் வேறு வேறு ஆள். ஒரே ஆளை மறுபடியும் அனுப்ப முடியாது. 6-4 என்று ஜெயித்தோம். அரையிறுதியில் புனேவிடம் இரண்டே புள்ளியில், 37-39 என்று தோற்றோம். இத்தனை சீசனில் நாம் அரையிறுதி பார்த்தது அந்த ஒரு முறைதான்.

விதி கட்டாயப்படுத்திய நாளில் ஐந்து பேரை நம்பி அனுப்பினீர்கள், அவர்கள் கைவிடவில்லை. கட்டாயம் இல்லாத நாளில் ஏன் ஒருவனையே அனுப்புகிறீர்கள்? இரண்டு வெற்று ரைடு முடிந்து ‘டூ ஆர் டை’ வரும்போது பெஞ்சிலிருந்து வந்த சின்னப் பையனை உள்ளே தள்ளுகிறீர்கள். அதுவரை ஒரு ரைடும் போகாதவன், உடம்பு சூடேறாதவன், எதிரே ஏழு பேர். அவன் மாட்டிக்கொண்டால் குற்றம் அவன்மேல். அடுத்த ஆட்டத்தில் அவனைக் காணோம். முதல் பத்து நிமிடத்தில், ஆறேழு பேர் எதிரே நிற்கும்போது அவனுக்கு நாலு ரைடு கொடுங்கள். போனஸ் எடுக்கப் பழகட்டும். மாட்டினால் மாட்டட்டும், இன்னும் முப்பது நிமிடம் இருக்கிறது.

டைம் அவுட்டில் மைக் வைத்து நீங்கள் பேசுவதைப் போடுகிறார்கள். இந்தி எனக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் ‘பொறுமை’ என்ற சங்கதி எந்த மொழியிலும் புரிந்துவிடுகிறது. நான்கு புள்ளி முன்னணியில் இருந்தால் பொறுமை, நான்கு புள்ளி பின்தங்கினாலும் பொறுமை. பின்தங்கியிருக்கும்போது எதற்குப் பொறுமை என்று எங்கள் டீக்கடை மாஸ்டர் கேட்கிறார். அவர் கபடி ஆடியவர்கூட இல்லை.

பொறுமை வேண்டிய இடம் வேறு. 2011 கடைசியில் தானே புயல் எங்கள் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. மறு வருஷமே காய்க்க வேண்டும் என்று யாரும் வளர்ந்த மரத்தை விலைக்கு வாங்கி வந்து நடவில்லை. கன்றுதான் வைத்தோம். ஒரு கன்று பட்டுப்போனால் பக்கத்தில் இன்னொன்று.

தமிழ்நாட்டில் பாடிப் போகிற பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. வடுவூர் அபினேஷும் கண்ணகி நகர் கார்த்திகாவும் 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் தங்கம் வாங்கி வந்த மண் இது. மாட்டுப் பொங்கல் கழித்து ஒரு சாயங்காலம் பண்ருட்டிப் பக்கம் வந்தால், எந்த ஊர் களத்திலும் ஓரமாக நின்று நீங்களே பார்க்கலாம். பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில்தான் எங்கள் ஊர். சிற்றுண்டிக்கு முந்திரிக்கொட்டை வறுத்துத் தருகிறோம். பலாவுக்கு அப்போது பருவம் இல்லை, அதற்கு மன்னிக்கவும்.

அடுத்த சீசன் முதல் ஆட்டத்தை அதே டீக்கடையில்தான் பார்ப்பேன். மூன்றாவது ரைடுக்கு யார் கோட்டைத் தாண்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
காடாம்புலியூர் ரசிகன், பழைய வலது கார்னர்