ஊர்காவற்றுறை: வீழ்ச்சியும் போலி மறுமலர்ச்சியும்

ஊர்காவற்றுறையைப் போரே அழித்தது என்பர் ஒரு சாரார். உல்லாசப் பயணிகளால் அது மீண்டும் தழைக்கும் என்பர் மற்றொரு சாரார். இவையிரண்டும் அரை உண்மைகளே.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பிறப்பித்த ஆணையைக் கூறுகின்றது. பரதேசிகள் ஊராத்துறைக்கு வரவேண்டும்; அவர்கள் காக்கப்பட வேண்டும். யானை, குதிரை ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற சரக்கேற்றிய கலமாயின் செம்பாதி. பொலன்னறுவையில் ஆண்ட மன்னன் வடபுலத் துறையொன்றின் வணிகருக்குத் தமிழிலேயே ஆணையிட்டான் என்பது மனங்கொள்ளத்தக்கது. துறையை வாழவைத்தது அதன் அழகன்று. அரசு அளித்த உறுதியும் வணிகமுமே.

வீழ்ச்சியும் ஒருநாளில் நேர்ந்ததன்று. 1905இல் புகையிரதப் பாதை யாழ்ப்பாணத்தைத் தென்னிலங்கையோடு இணைத்தது. சரக்கு தரைவழியை நாடிற்று. சுதந்திரத்தின் பின் கடவுச்சீட்டும் சுங்கமும் இந்தியக் கரையுடனான தோணிப் போக்குவரத்தை நெரித்தன. தீவகத்தார் தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்தனர். 1958, 1977, 1983 வன்செயல்கள் அங்கும் அவர்களை விரட்டின. 1990இல் படையினர் தீவகத்துள் நுழைய, மக்கள் குடாநாட்டிற்கு ஓடினர். போர் இறுதி அடியே; முதலடி அன்று.

மறுமலர்ச்சி எனப்படுவதுதான் யாது? ஒல்லாந்தர் ஆண்ட கடற்கோட்டை இன்று கடற்படையின் உல்லாச விடுதி. வெளிநாட்டுப் பணத்தாற் கோயிற் கோபுரங்கள் உயர்கின்றன. அருகிலேயே கூரையற்ற வீடுகளுள் ஆல் வேரூன்றுகின்றது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுகளுக்குச் சூரிய, காற்று மின்சாரம் வழங்க 2024இல் இந்திய உதவியுடன் ஒப்பந்தமாயிற்று. நன்றே. ஆயின் விளக்கின்கீழ் இருந்து படிக்கப் பிள்ளைகள் வேண்டாமா?

பயணிகள் பணம் தருவர் என வாதிடலாம். தருவர், மாலையிற் திரும்பியும் செல்வர். விடுதியிற் பரிமாறும் வேலைக்காக எக்குடும்பமும் மீளாது. 2023இல் நாகபட்டினக் கப்பல் மீண்டும் வந்தது. வந்த இடம் காங்கேசன்துறை. இழுவைமடி மீன்பிடி 2017இற் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது. இந்திய இழுவைப் படகுகளோ இன்னும் தீவக மீனவரின் வலைகளை அறுக்கின்றன.

தேவை யாது? காக்கப்பட்ட கடல், சிறுகலங்கள் சரக்கிறக்கும் துறை, மீனுக்கு நியாய விலை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மன்னன் கல்லில் வெட்டியதை, இன்றைய ஆட்சி தாளிலேனும் எழுதட்டும். துறையின்றி ஊர்காவற்றுறை இல்லை.