ரகசியச் சொல் சரி, கதவு திறக்கவில்லை!

சரியான சாவியைப் போட்டும் பூட்டு திறக்காவிட்டால் எப்படி இருக்கும்? மின்னஞ்சல் பார்ப்பவர்கள் பலருக்கு அந்த அனுபவம் ஏற்பட்டு இருக்கிறது.

ஆண்டுக்கணக்கில் ஒரே கம்ப்யூட்டரில் கடிதம் பார்த்தவர்கள் அவர்கள். ஒருநாள் "பாஸ்வேர்டு" என்னும் ரகசியச் சொல்லைக் கம்ப்யூட்டர் கேட்டது. கொடுத்தார்கள். மறுபடியும் கேட்டது. மறுபடியும் கொடுத்தார்கள். கடிதம் வரவில்லை!

காரணம் என்ன?

கடிதங்களைக் காத்து வைப்பது மின்னஞ்சல் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர். அதற்கு "சர்வர்" என்று பெயர். அங்கிருந்து கடிதங்களை வீட்டுக்கு வாங்கி வருவது ஒரு புரோகிராம். அவுட்லுக், தண்டர்பேர்டு ஆகியவை அந்த வகை. இரண்டுக்கும் பேச்சு ஒத்துப்போக வேண்டும்.

முன்பு புரோகிராம் ரகசியச் சொல்லைச் சொல்லும்; சர்வர் கதவைத் திறக்கும். அந்தச் சொல்லைத் திருடியவனுக்கும் கதவு திறந்துவிடும்!

ஆகவே "ஓஆத்" என்ற புதிய முறை வந்தது. இதில் கம்பெனியின் சொந்தப் பக்கத்தில்தான் ரகசியச் சொல்லை எழுத வேண்டும். உடனே புரோகிராமுக்கு ஓர் அனுமதிச் சீட்டு கிடைக்கும். பிறகு சீட்டைக் காட்டினால் போதும். சந்தேகம் வந்தால் சீட்டை ரத்து செய்துவிடலாம்.

2022 மே 30 முதல் தனி நபர்களின் ஜிமெயில் கணக்குகளில் பழைய முறையை கூகுள் நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில், அலுவலகங்களுக்கான "எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்" சர்வரில் மைக்ரோசாப்ட் நிறுத்தத் தொடங்கியது. 2024 செப்டம்பர் 16-ல் ஹாட்மெயில், அவுட்லுக்.காம் கணக்குகளுக்கும் அந்தக் கதவு அடைபட்டது.

யாருக்குக் கஷ்டம்?

அவுட்லுக் 2010 போன்ற பழைய புரோகிராம்களுக்குச் சீட்டு வாங்கத் தெரியாது. அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்குத்தான் நஷ்டம்.

திருடனுக்குப் பயந்து பூட்டை மாற்றியது நியாயமே. ஆனால் பூட்டு மாறிய செய்தியைச் சொல்லக்கூட பழைய புரோகிராமுக்குத் தெரியவில்லை. ரகசியச் சொல்லையே திரும்பத் திரும்பக் கேட்கிறது. தவறு தம்முடையது என்று எண்ணி, சொல்லை மாற்றுகிறவர்கள் உண்டு. மாற்றியும் பயன் இல்லை!

என்ன செய்யலாம்?

தண்டர்பேர்டு இலவசமாகக் கிடைக்கிறது. அதன் புதிய பதிப்புக்குச் சீட்டு முறை தெரியும். ஜிமெயிலில் இரட்டைச் சோதனை வைத்திருப்பவர்கள், பழைய புரோகிராமுக்கு என்றே 16 எழுத்துகள் கொண்ட தனி ரகசியச் சொல்லை வாங்கலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. "பாப்" முறையில் கடிதங்களை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இறக்கிவிட்டு, சர்வரில் அழித்துவிடும் ஏற்பாடு உண்டு. அப்படியானால் பழைய கடிதங்கள் வீட்டில் மட்டுமே இருக்கும். மகன் எழுதிய கடிதமும் கடைக் கணக்கும் அதில் இருக்கலாம். பழைய புரோகிராமை நீக்கும் முன்பு அவற்றைப் பிரதி எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

பூட்டைச் சரிசெய்யப் போய்ப் பெட்டியை இழக்கலாமா?