கருணைக்குக் கணக்குக் கேட்டல்

முதியோர் இல்லம் என்ற சொல் மலையகத் தோட்டங்களில் இன்றும் ஒரு வசைச்சொல்லாகவே வழங்குகின்றது. பெற்றோரைப் பேணாத பிள்ளையை ஏசுவதற்கு அது உதவுகின்றது. தொழிற்சங்க மேடையிலும் கோயில் திருவிழாச் சொற்பொழிவிலும் கைதட்டல் பெறுவதற்கும் உதவுகின்றது. அது மேனாட்டார் வழக்கம், நம் பண்பாட்டிலே தாய் தந்தையர் வீட்டில்தான் இருப்பர் என்று முழங்குவோர் பலர். அவர்களின் கூற்றில் ஒரு பாதி உண்மை. தோட்டத்து முதியோர் வீட்டில்தான் இருக்கின்றனர். ஆயின் அங்கு அவர்கள் எந்நிலையில் இருக்கின்றனர், யாருடைய காவலில் இருக்கின்றனர் என்ற மறுபாதியைப் பண்பாடு பேசுவோர் கேட்பதில்லை.

நோர்வூட்டை எடுத்துக்கொள்ளலாம். ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி அங்கேதான் மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்குமாகப் பிரிகின்றது. கடைவீதியைத் தாண்டினால் நாற்புறமும் தேயிலை. காலைப் பிரட்டு முடிந்தபின் லயங்களில் எஞ்சியிருப்போர் யாவர்? கொழுந்தெடுக்கும் பெண்கள் மலைக்குப் போய்விடுவர். இளைஞர் கொழும்புக் கடைகளிலே நிற்பர். இளம்பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளிலும், மத்திய கிழக்கு நாடுகளில் பிறர் வீட்டு அடுக்களைகளிலும் உழைப்பர். எஞ்சுவோர் முதியவர்களும், பள்ளி செல்லா வயதுப் பிள்ளைகளும், தொழிலின்றிக் குடிக்குப் பழகிய சிலருமே. பத்துப் பன்னிரண்டு காம்பராக்களுக்கு ஒரே கூரை. முதுகோடு முதுகு ஒட்டிய பழைய லயங்களில் காம்பராவுக்கு ஒரே வாசல். ஒரு காம்பராவில் பற்றிய தீ வரிசை முழுவதையும் தின்றுவிட்ட செய்தி பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் வருவதாகும். எழுந்து நடக்கவியலாத ஒருவர் படுத்திருக்கும் இடமாக அவ்வாசலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு வைத்தியசாலையின் நோயாளர் விடுதியை இவ்வாறு கட்டினால் எந்த அதிகாரியும் அனுமதி வழங்கான். உள்ளவாறு நோக்கின் லயம் என்பது பதிவில்லாத, பணியாளரில்லாத, இரவுக் காவலில்லாத முதியோர் இல்லமே. பெயர்ப்பலகை ஒன்றுதான் குறை.

தொழிற்சாலையில் மூட்டை கட்டிய தேயிலைத் தூளுக்கு இரவெல்லாம் வாச்சர் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

வன்முறை என்றதும் வெளியிலிருந்து வருபவனை எண்ணுவது எளிது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களைக் கண்ட தலைமுறைக்கு அவ்வாறு எண்ணுவதற்குக் காரணமும் உண்டு. லயங்கள் தாக்கப்பட்ட அந்நாட்களில் தேயிலைக்குள் ஓடி ஒளிய வலுவுள்ளோர் ஓடினர். அன்று ஓடியோர்தாம் இன்றைய முதியோர். இன்று அவர்களால் ஓடவியலாது. ஆயினும் இன்று அவர்களை அச்சுறுத்தும் வன்முறையின் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதன்று. அது காம்பராவுக்குள்ளேயே விளைவது. அதற்குரிய நிலத்தைப் பண்படுத்திக் கொடுத்தது தோட்டப் பொருளாதாரம்.

தோட்டத் தொழிலாளிக்கு மாத ஓய்வூதியம் இல்லை. ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் மொத்தத் தொகையாக ஒருமுறை கைக்கு வரும். அது மகளின் கல்யாணத்துக்கோ, மகனின் முச்சக்கர வண்டிக்கோ, கடைக்காரரின் பழைய கடனுக்கோ போய்விடும். குடியிருக்கும் காம்பராவோ பெரும்பாலும் தோட்டத்துக்குச் சொந்தமானது, தொழிலோடு பிணைந்தது. நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்த பெண், பெயர் வெட்டப்பட்ட மறுநாள் முதல், தன் மகனின் அல்லது மருமகளின் செக்றோல் பெயரின் நிழலில் ஒதுங்கி வாழ்பவளாகின்றாள். சம்பளமில்லை, காணியில்லை, வீட்டுறுதியில்லை. இத்தகைய ஒருத்தி அடிபட்டால் யாரிடம் சொல்வாள்? மகனைப் பொலிசார் கொண்டுபோனால் அடுப்பும் அணையும், காம்பராவும் கைமாறும் என்ற அச்சம் அவள் வாயை அடைக்கின்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் உடன்பிறந்தாரைக் கடலின் இருகரைக்குப் பிரித்துவிட்ட குடும்பங்களில், ஒதுங்கச் சென்று சேர மறுவீடும் இல்லை.

சட்டம் இல்லையா என்று கேட்கப்படலாம். இருக்கின்றது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அடிபடும் தாயும் தந்தையும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவர்களின் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அறுபது வயதை எட்டியோரை முதியோர் என்று வரையறுத்து, அவர்களுக்கென ஒரு தேசிய சபையையும், பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோருவதற்கு ஒரு பராமரிப்புச் சபையையும் நிறுவியது. நல்ல சட்டங்களே. ஆனால் பிள்ளைக்கு வருவாய் உண்டு, பெற்றோருக்கு வழக்காடத் தெம்பு உண்டு என்னும் எடுகோளின்மீது அவை நிற்கின்றன. நாட்கூலிக்கு மலையேறும் மகள்மீது பராமரிப்பு வழக்குத் தொடுத்து ஒரு கிழவி பெறப்போவது என்ன? வறுமையை வறுமையின்மீது ஏவிவிட்டு, நீதி வழங்கியாயிற்று என்று கோப்பை மூடிவிடலாம். தோட்டக் கம்பனி அந்தக் கோப்பில் எங்கும் பிரதிவாதியாக வருவதில்லை.

இவ்விடத்தில் பிள்ளைக்காம்பராவை நினைவூட்டுதல் தகும். தோட்டந்தோறும் கைக்குழந்தைகளைக் காக்க ஓர் இடமும் ஓர் ஆயம்மாவும் நெடுங்காலமாக உண்டு. இன்று அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்று பெயர் பெற்றுள்ளன. குழந்தைகள்மீது கொண்ட இரக்கத்தால் மட்டும் அது எழுந்ததெனக் கொள்வதற்கில்லை. குழந்தையை இறக்கிவைத்தாலன்றித் தாயின் இரு கைகளும் கொழுந்துக்குக் கிடைக்கமாட்டா. நாளை அக்குழந்தையே கூடை தூக்கும். இரண்டு வகையிலும் இலாபம். முதியவளைக் காப்பதால் எந்தக் கையும் மலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே முதியோர்காம்பரா என்றொரு சொல்லே தோட்டத் தமிழில் பிறக்கவில்லை. பண்பாட்டின் காரணமாகத்தான் முதியோர் இல்லம் வேண்டப்படவில்லை என்போர் இந்தக் கணக்கையும் சற்றுப் பார்த்தல் நன்று.

இனி, இல்லங்கள் வேண்டாம் என்றாலும் அவை வரத்தான் போகின்றன. இளையோர் வெளியேறும் வேகத்தில், கோயில் சபையோ, திருச்சபையோ, வெளிநாட்டில் பொருளீட்டிய ஒரு புண்ணியவானோ நாளை ஒரு கட்டடத்தை எழுப்பித் திறப்புவிழா நடத்துவார். பொன்னாடைகள் போர்த்தப்படும். அன்று மலையகம் இரண்டாவது தவற்றைச் செய்யும் அபாயம் உண்டு. அதாவது, தொண்டு செய்வோரிடம் கணக்குக் கேட்பது பாவம் என்று எண்ணிவிடும். அவ்வாறு எண்ணியதன் விலையைத் தமிழ்நாடு செலுத்தியிருக்கின்றது.

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவின் அருகே, மனநோயாளரைக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டுச்செல்லும் தனியார் விடுதிகள் பல இருந்தன. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியுமுன் அவற்றுள் ஒன்றின் ஓலைக்கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். அத்தகைய விடுதிகளுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் இந்தியாவில் 1987ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. தீக்குப் பின் ஒரு வாரத்துக்குள் ஏர்வாடியின் அவ்வகை விடுதிகள் அனைத்தும் மூடப்பட்டு, உள்ளிருந்தோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். ஒரே வாரத்தில் செய்ய முடிந்த காரியம் அதற்கு முந்திய ஆண்டுகளில் ஏன் செய்யப்படவில்லை? பக்தியின் பெயரால் நடப்பதை அதிகாரி தட்டிக் கேட்கத் தயங்கினான். உறவினர் தம் சுமை இறங்கியதே போதும் என்றிருந்தனர். இருபத்திரண்டு ஆண்டுகளின் பின், 2023 பெப்ரவரியில், விழுப்புரம் மாவட்டத்துக் குண்டலப்புலியூரில் அன்புஜோதி என்ற பெயர் தாங்கிய ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டபோதும், அந்த இடம் உரிய அனுமதியின்றி நடந்துவந்தது என்ற செய்தியே முதலில் வெளிப்பட்டது. அங்கே சேர்க்கப்பட்ட ஒருவரைக் காணவில்லை என்று உறவினர் நீதிமன்றம் வரை சென்றதனால்தான் கதவு திறந்தது. தேடி வர உறவினர் இல்லாதோரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஏழை நாட்டின் குறைபாடு இது என்று தள்ளிவிடுவதற்கும் வழியில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், உரிமமும் பரிசோதனையும் கொண்ட முதியோர் பராமரிப்பு இல்லங்களில், ஒரு தாதி 2007க்கும் 2014க்கும் இடையில் இன்சுலின் ஏற்றி எட்டுப் பேரைக் கொன்றாள். அவள் தானாகவே வாய்திறந்திராவிடில் அக்கொலைகள் வெளிப்பட்டே இரா என்று 2019இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறிற்று. ஐயம் எழாமைக்குப் பெரியதொரு காரணம், முதியோர் இறப்பது இயல்புதானே என்ற எண்ணமாகும். லயத்துக் கிழவர் ஒருவர் மாடிப்படி இல்லாத வீட்டில் 'விழுந்து' இறந்தால், வயது போன மனிதர்தானே என்று பிணத்தைத் தூக்கும் அதே எண்ணம். யப்பானின் சகமிஹராவில் 2016 ஜூலை 26 அதிகாலை, முன்னாட் பணியாளன் ஒருவன் சாளரத்தை உடைத்து, மாற்றுத்திறனாளிகள் தங்கியிருந்த இல்லத்துள் நுழைந்து, உறங்கிக்கொண்டிருந்த 19 பேரைக் குத்திக் கொன்றான். தான் செய்யப்போவதை அவன் மாதங்களுக்கு முன்னரே கடிதமாக எழுதிக் கொடுத்திருந்தான்.

ஏர்வாடியையும் சகமிஹராவையும் அருகருகே வைத்து நோக்கும்போதுதான் பாதுகாப்பு என்ற சொல்லின் சிக்கல் புலப்படும். ஓரிடத்தில் வெளியாள் உள்ளே வந்ததால் மரணம். மற்றோரிடத்தில் உள்ளாள் வெளியேற இயலாததால் மரணம். ஏர்வாடியில் சங்கிலி பூட்டியவர்களும் பாதுகாப்புக்காகத்தான் என்றே கூறினர். மதில், பூட்டு, காவற்காரன் ஆகியவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் இல்லம் சிறையாகும். சிறையில் அடிப்பவனுக்கு வசதி அதிகம். வெளியாளுக்குத் திறவாத கதவு, தீ எழும்போது உள்ளே இருப்பவரின் நடுங்கும் கைக்குத் திறந்து கொடுக்கவேண்டும். தாழ்ப்பாள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றது என்ற ஒன்றைப் பார்த்தே ஓர் இல்லம் யாரை எவரிடமிருந்து காக்கின்றது என்று கண்டுகொள்ளலாம்.

இலங்கையில், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உறவினரை நோக்கியதே. இல்லத்தின் பணியாளன் கையோங்கினால் அச்சட்டம் அங்கே நுழையாது. முதியோருக்கு உறைவிடம் வழங்கும் நிலையங்கள் பதிவு பெறவேண்டும் என்னும் 2000ஆம் ஆண்டுச் சட்டமே அவ்விடத்தில் அரண். பதிவு என்பது ஒரு சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதோடு முடிந்துவிடின் அது அரணன்று. முன்னறிவித்தலின்றி இரவிலே வந்து பார்ப்பவர் யார்? ஓர் இரவுக்கு ஒரே பணியாளர் தனித்து நிற்பதற்கு இடமளிக்கப்படுகின்றதா? முதியவர் ஒருவர் அதிபரையோ அருட்சகோதரியையோ பற்றி முறையிட விரும்பினால், அம்முறைப்பாட்டை அதே அதிபர் கையில் கொடுக்காமல் வேறெவரிடம் கொடுப்பது? பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் என்றொரு பதவி இருக்கின்றது. அவர் லயத்துக்கு வரும் நாள் எது என்று நோர்வூட்டின் எத்தனை முதியோருக்குத் தெரியும்? வருபவருக்குத் தமிழ் தெரியவேண்டும் என்பதைக் கேட்டுப் பெறவேண்டியதில்லை. அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் 1988ஆம் ஆண்டே அதனை உரிமையாக்கியது.

நிதியில்லை என்ற விடை எப்போதும் ஆயத்தமாக உள்ளது. நெடுங்காலம் அதற்கு ஒரு சட்டச் சாட்டும் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட இயலாது என்று கைவிரித்தனர். 2018ஆம் ஆண்டில் அப்பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. நோர்வூட்டுக்கெனத் தனிப் பிரதேச சபை தோன்றியதும் அவ்வாண்டிலேயே. ஆகவே அச்சாட்டு இன்று செல்லாது. ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் தனித்து வாழும் முதியோரின் பெயர்ப் பட்டியல் ஒன்றை எழுதுவதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் நடக்க மனமுள்ள ஒருவரும் போதும். லயத்துக்குக் கடைசி விளக்கு, பின்சுவரில் ஒரு வாசல், பகலில் பிள்ளைக்காம்பராவோடு சேர்த்தே முதியோர் அமர்ந்திருக்க ஓர் அறை, அதற்கு ஊதியம் பெறும் ஒரு காவலாள். இவற்றின் செலவை, அம்முதியோரின் நாற்பதாண்டு உழைப்பில் இலாபம் கண்ட கம்பனிகளிடம் கேட்பதற்குத் தொழிற்சங்கங்களுக்குக் கூட்டு ஒப்பந்தப் பேச்சு மேசை இருந்தது. சம்பளம் பேசிய அந்த மேசையில் ஓய்வுபெற்றோருக்கு ஆசனம் இருந்ததில்லை. சந்தா கட்டாதவருக்கு வாய் ஏது? அடுத்த முறை கம்பனிகளோடு அமரும்போது கோரிக்கைத் தாளில் பெயர் வெட்டப்பட்டோரின் காவலையும் ஒரு பிரிவாகச் சேர்ப்பார்களா என்பதைத் தலைவர்கள் மேதின மேடைக்கு முன்னர் சொல்லிவிடட்டும்.