பலகைத் தளமும் பதற்றமும்

நாட்றம்பள்ளிப் பக்கத்துப் பழைய மச்சு வீடுகளில், தேக்கு உத்திரங்களின்மேல் பலகை பாவிய மேல்தளம் எங்கேனும் மிஞ்சியிருக்குமாயின், அதைப் புதுப்பிக்க விரும்புகிறவர் முதற்காரியமாகத் தேய்ப்பு இயந்திரத்தைத் தேடி ஓடுகிறார். ஒரே பகலில் மேற்பரப்பைச் சீவி எறியும் அந்த அவசரம், தலைமுறைகளின் பாதங்கள் மெருகேற்றிய வர்ணத்தையும் சேர்த்தே சூறையாடிவிடும் என்பது என் அபிப்பிராயம். எண்ணெய் உள்ளே இறங்கினாலன்றித் தோல் மிருதுவாகாதென்பதை ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடுவோர் அறிவார்கள், மரமும் அத்தகையதே. உடைந்த கண்ணாடிச் சில்லின் விளிம்பால் பழைய வார்னிஷைச் சுருள் சுருளாகச் சுரண்டி, மரத்தின் ரேகை ஓடும் போக்கிலேயே உப்புத்தாள் பிடித்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக, ஒரு பூச்சு நன்கு காய்ந்த பின்னரே மறுபூச்சாகத் தடவும் ஆசாரியின் நிதானத்துக்கு ஈடான சாதனம் கிடையாது. (அவர் கூலியில் பேரம் பேசாதிருப்பது உத்தமம்.) பலகைமேல் பழைய பெயிண்ட் இருந்தாலோ ஜாக்கிரதை அவசியம்: வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் அடக்கும் விதி நம் தேசத்தில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது, ஆதலால் தூசி எழாதபடி நனைத்தே சுரண்டுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகவே தீப்பற்றக்கூடும்.