டிகிரியைக் காட்டுங்கள்

கத்திரி தொடங்கிவிட்டது. கோடையில் காரைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு ஆசிரியர் கையில் ஒரு மதிப்பீட்டுச் சீட்டோடு வந்து நின்றார். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை.

அவருடைய மாருதி 800 இந்தப் பத்திக்குப் புதிதல்ல. அதன் வைப்பரைப் பற்றி மழைக்காலத்தில் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி. பணியில் இருந்த காலத்தில் வாங்கி, ஓய்வுக்குப் பிறகும் துடைத்துத் துடைத்து ஓட்டுகிறார். கடைத்தெருவுக்குப் போகும் வழியில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருக்கிறது. உடனே ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்து, ஆளை வரவழைத்து, ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போகச் சொல்லியிருக்கிறார். அவர் செய்ததெல்லாம் சரி. அங்கே பானட்டைத் திறந்து பார்த்தவர், "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், ஹெட்டை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார். கூடவே தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் என்று எழுதி, ஓய்வூதியத்தில் பெரும்பகுதியை விழுங்கும் ஒரு தொகையைக் கீழே போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ரேடியேட்டர் ஓஸை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஃபேன் ஓடியதா என்று கேட்கவில்லை. கூலன்ட் குறைந்திருக்கிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை வந்ததா, ஆயிலில் தண்ணீர் கலந்து பால் நிறத்தில் இருக்கிறதா என்று ஒன்றையும் பார்க்கவில்லை. முள் சொன்னது, அதை அப்படியே நம்பினார்கள். நோயாளியைத் தொடாமல் அறுவைக்குத் தேதி குறிப்பது போன்றது இது.

பழைய வண்டியில் அந்த முள் நேரடியாக அறிவது ஒரு கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை மட்டும்தான். எஞ்சினில் கூலன்ட் ஓடும் பாதையில் விரல்நுனி அளவுக்கு ஒரு சென்சார் திருகியிருக்கும். குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை சில நூறு ஓம். சூடு ஏற ஏறத் தடை இறங்கி, கொதிநிலையை ஒட்டிச் சில பத்து ஓமுக்கு வந்துவிடும். தடை குறைந்தால் மின்சாரம் கூடும், முள் ஏறும். சென்சாருக்கு வருவது ஒரே கம்பி. மறுமுனை, அதன் மரை வழியாக எஞ்சின் உடம்பிலேயே எர்த் ஆகிறது. இவ்வளவுதான் சுற்று. இதில் கம்பியின் உறை வெந்து உரிந்து, செம்பு எஞ்சினின் இரும்பைத் தொட்டால் தடை சுழியம் ஆகிவிடும். முள் நேராகச் சிவப்புக்குப் போகும். எஞ்சின் சில்லென்று இருந்தாலும் போகும்.

ஆகவே முதல் சோதனைக்குக் காசு தேவையில்லை. இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். அப்போதே முள் ஏறினால் கோளாறு எஞ்சினில் இல்லை. ஆசிரியரின் வண்டியில் மறுநாள் காலை நாங்கள் செய்தது இதைத்தான். சில நொடிகளில் முள் சிவப்பைத் தொட்டது. எங்கள் தெரு முனையில் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். சென்சாரின் கம்பியைக் கழற்றினார். முள் இறங்கவில்லை. "சென்சார் நல்லாத்தான் இருக்கும்ணே, நடுவுல எங்கேயோ கம்பி பாடியைத் தொடுது" என்றார். கிளிப் உடைந்து தொங்கிய கம்பி, எஞ்சினில் உரசித் தேய்ந்த இடத்தைக் கண்டுபிடித்தார். வெட்டி, புதுத் துண்டு சேர்த்து, சூட்டுக்குச் சுருங்கும் உறையைப் போட்டுக் கட்டினார். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

கம்பியைக் கழற்றியதும் முள் இறங்கியிருந்தால் சந்தேகம் சென்சார் மேல் போயிருக்கும். அதைக் கழற்றி வெந்நீரில் வைத்து, தெர்மாமீட்டர் ஒரு பக்கம், மல்டிமீட்டர் ஒரு பக்கம் என்று சூட்டையும் தடையையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். முள் அசையவே இல்லை என்றால் கம்பி முனையை ஒரு சிறிய பல்பு வழியாக எர்த்தில் தொட வேண்டும். பல்பு எரிந்து முள் நகர்ந்தால் மீட்டர் உயிரோடு இருக்கிறது. சென்சாரை மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப்பை வரிந்து சுற்றுபவர்கள் உண்டு. எர்த் கெட்டு முள் குறைத்துக் காட்டும் அபாயம் அதனால் வருகிறது. பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகள் பலவற்றில் டீசல் அல்லது பெட்ரோல் முள்ளுக்கும் இதற்கும் சேர்த்து 10 வோல்ட் தரும் ஒரு ஸ்டெபிலைசர் டாஷ்போர்டின் பின்னால் இருக்கும். இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறினால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஏறியிருந்த முள் ஓட்டத்தின் நடுவே திடீரென்று இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் முழுக்கக் கொட்டிப்போய், சென்சார் வெறும் காற்றில் நின்றாலும் முள் இறங்கும். எஞ்சின் அப்போதுதான் உண்மையில் வெந்துகொண்டிருக்கும். உடனே நிறுத்துங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மூடியின் அழுத்தத்தில் உள்ளே நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் காத்திருக்கும். திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

மற்ற கோடைக் குறிப்புகளுக்கு இங்கிருந்து போயிருக்க வேண்டும். ஆனால் வேலை முடிந்து நிற்கையில் ஆசிரியர் ஒன்று கேட்டார். "என் மகனோட புது வண்டியில இந்த முள்ளே இல்லையே, அவன் எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவான்?"

அந்தக் கேள்விதான் வாரம் முழுக்க என்னோடு இருக்கிறது.

கார் ஓட்டுபவர் எஞ்சினின் சூட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது மிகப் பழைய எண்ணம். 1912இல் அமெரிக்காவில் ஹாரிசன் பாய்ஸ் என்பவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ரேடியேட்டர் மூடியின் மேல் நிமிர்ந்து நிற்கும் வட்டமான தெர்மாமீட்டர் அது. பாய்ஸ் மோட்டோமீட்டர் என்று பெயர். உள்ளே சிவப்புத் திரவம் ஏறி இறங்குவதை ஓட்டுபவர் தன் இருக்கையில் இருந்தே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். தண்ணீருக்கு மேலே நிற்கும் ஆவியின் சூட்டைத்தான் அது அளந்தது. இருந்தாலும் அந்தக் காலத்து ஓட்டுநருக்கு எஞ்சினின் நிலை கண்ணெதிரே இருந்தது. பழைய கார் கண்காட்சிகளில் இப்போதும் அதைப் பார்க்கலாம். நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அதன் முன் நிற்பேன். பிறகு அளவி டாஷ்போர்டுக்கு வந்தது. ஈதர் போன்ற திரவம் அடைத்த மெல்லிய செம்புக் குழாய் எஞ்சினிலிருந்து மீட்டர் வரை ஓடும். சூட்டில் அழுத்தம் கூடி முள்ளைத் தள்ளும். கம்பியும் இல்லை, பேட்டரியும் இல்லை. அதன் முகத்தில் டிகிரி எண்களே அச்சாகியிருந்தன.

அடுத்து வந்த மின்சார மீட்டர்களில் எண்கள் போய்விட்டன. குளிர், சூடு என்று இரு முனைகள் மட்டும் மிஞ்சின. அதுவரைகூடப் பொறுக்கலாம், முள் உள்ளபடி நகர்ந்தது. கணினி வந்த பிறகு நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பல கார்களில் கூலன்ட் 80இல் இருந்தாலும் 100இல் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். மேட்டில் ஏறும்போது முள் கொஞ்சம் நகர்ந்தாலே வாடிக்கையாளர்கள் பயந்து சர்வீஸுக்கு வருகிறார்கள் என்பது காரணம். ஆபத்து எல்லைக்கு வந்த பிறகே முள் எழும். இன்னும் பல கார்களில் அந்த முள்ளையும் எடுத்துவிட்டு, குளிருக்கு நீல விளக்கு, கொதிநிலைக்குச் சிவப்பு விளக்கு என்று நிறுத்திக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவில் நடப்பது எதுவும் நமக்குத் தெரியாது.

அந்த நடுவில்தான் கோளாறுகள் வளர்கின்றன. தெர்மோஸ்டாட் சிக்கத் தொடங்குவதும், ரேடியேட்டரில் மண் அடைவதும், ஓஸில் கசிவு விழுவதும் சிவப்பு விளக்குக்கு வெகுநாள் முன்பே ஐந்து, பத்து டிகிரி வித்தியாசமாகத் தெரியும். தினமும் ஓட்டுகிறவர் கண்ணில் அது பட்டிருந்தால் ஒரு கிளாம்போடு முடிந்திருக்கும். விளக்கு எரிந்து, ஓரம் தேடி நிறுத்துவதற்குள் அலுமினிய ஹெட் வளைந்துவிடலாம்.

வண்டிக்கோ அந்த எண் துல்லியமாகத் தெரியும். ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக் ஸ்கேனரைச் செருகும் சாக்கெட் இருக்கிறதே, அதில் கேட்டால் கூலன்ட் சூட்டை ஒரு டிகிரி பிசகாமல் சொல்லும். அந்த அளவீட்டின் எல்லை மைனஸ் 40 முதல் 215 டிகிரி வரை. ஃபேன் எப்போது ஓட வேண்டும், எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று எஞ்சின் கணினி முடிவெடுப்பது அந்த எண்ணை வைத்துத்தான். கொல்லிமலைக்கு உறவினர் காரில் போனபோது, ஒரு சின்ன புளூடூத் அடாப்டரை அந்தச் சாக்கெட்டில் செருகிப் போனில் பார்த்துக்கொண்டே போனேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிப்பதற்குள் எண் 90களில் தொடங்கி நூறைத் தாண்டி, ஃபேன் ஓடியதும் இறங்கி, மறுபடி ஏறியது. டாஷ்போர்டின் முள் நடுக்கோட்டை விட்டு நகரவே இல்லை. எல்லாம் இயல்பான ஏற்ற இறக்கம்தான். அதை எனக்குக் காட்டியது அடாப்டர், வண்டி அல்ல.

இன்றைய டாஷ்போர்டு முழுக்கத் திரை. பாட்டின் பெயர், கதவு திறந்திருப்பது, நான்கு டயரின் காற்றழுத்தம் எல்லாம் அதில் வருகின்றன. கூலன்ட் டிகிரிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கப் புதிதாக ஒரு சென்சாரும் வேண்டாம், ஒரு கம்பியும் வேண்டாம். எண்ணைப் பார்த்தால் பயந்துவிடுவார்கள் என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். வீட்டில் தெர்மாமீட்டர் வைத்துப் பிள்ளையின் காய்ச்சலைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதையும் பார்க்கத் தெரியும்.

இந்தக் கோடையில் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் இதைக் கேளுங்கள்: எஞ்சின் சூட்டை டிகிரியில் எங்கே காட்டுகிறது? விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எந்த மாடலில் அந்த எண் திரையில் தெரிகிறது என்று எனக்கு எழுதுங்கள், வருவதை எல்லாம் சரிபார்த்து இங்கேயே வெளியிடுகிறேன்.