பூட்டின கோடும் பழிசுமந்த லைப்ரரியும்

"லைப்ரரியை மாத்தினாங்கள், எங்கட புரோகிராம் விழுந்திட்டுது" எண்ட புலம்பல் லினக்ஸ் உலகத்துக்குப் புதிதல்ல. 2003இல் ரெட் ஹட் லினக்ஸ் 9 வந்தபோதும் இதே கூச்சல்தான். பழி முழுக்க ஜிலிப்சி எனும் சி லைப்ரரியின் தலையில். நாங்கள் இதை ஏற்கவில்லை.

ஒரு சிஸ்டம் கோல் தோற்றால், காரணத்தின் இலக்கம் 'எர்னோ'வில் விழும். பல த்ரெட் ஓடும் புரோகிராமில் எல்லாருக்கும் ஒரே சிலேட் எண்டால், ஒராள் எழுதினதை மற்றாள் அழிச்சுப்போடும். ஆகவே த்ரெட்டுக்கு ஒரு தனிச் சிலேட் வேணும். ஜிலிப்சி 2.3 எர்னோவை அப்படியான தனி இடத்துக்குக் கொண்டுபோனது. எர்னோவின் ஹெடரை முறையாகச் சேர்த்தவைக்கு ஒரு கீறலும் விழவில்லை. 'எக்ஸ்டேர்ன் இன்ட் எர்னோ' எண்டு தாங்களே எழுதி வைத்தவைதான் அகப்பட்டவை. எர்னோ வெறும் மேக்ரோவாகவும் இருக்கலாம் எண்டு 1989இன் சி தரமே சொல்லியிருந்தது. பிறகென்ன புலம்பல்?

டானியல் பேர்ன்ஸ்டைனின் கியூமெயிலும் இதில் மாட்டியது. திருத்தம் ஒரே ஒரு வரி, பள்ளிப் பெடியனும் செய்வான். ஆனால் திருத்தின பிரதியைப் பகிர அவருடைய நிபந்தனை விடவில்லை. அவர் அதைப் பொதுவுடைமையாக்கிய 2007இன் இறுதிவரை, நிறுவுகிற ஒவ்வொருவரும் அதே வரியைத் தாங்களே திருத்தவேண்டியிருந்தது. எவ்வளவு வீண் உழைப்பு!

அங்கே கோடாவது கையில் இருந்தது. பைனரியை மட்டும் காசுக்கு வாங்கினவை என்ன செய்யிறது? 'எல்டி அசியூம் கேர்னல்' எண்ட மாறிக்கு 2.4.1 எண்டு கொடுத்தால், லோடர் புதிய லைப்ரரியைத் தாண்டிப்போய்ப் பழைய லினக்ஸ்த்ரெட்ஸ் பிரதியை எடுக்கும். நல்ல சுத்துவழிதான், குறை சொல்லமாட்டம். எங்கட கோபம், அதையே தீர்வாக்கி இன்ஸ்டாலர் ஸ்கிரிப்டுக்குள் புதைத்துவிட்டு, கோடைத் திருத்தாமல் இருந்த விற்பனையாளரில்தான்.

2006இல் ஜிலிப்சி 2.4 லினக்ஸ்த்ரெட்ஸைக் கைவிட்டது. எடுக்கப் பழைய பிரதி இல்லை. அந்த மாறி இருந்தால் லோடர் லிப்சியையே ஏற்காது. 'எல்எஸ்' கூட ஓடாது. இன்ஸ்டாலர்கள் முதல் படியிலேயே செத்தன. காசு கட்டினவை ஸ்கிரிப்டைத் திறந்து, அந்த வரியைத் தேடி, முன்னால ஒரு '#' போட்டுத்தான் தப்பினவை.